பத்துக் குளிர்காலம் கண்ட சிடார் தளம்

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டின் பின்முற்றத்தில் சிடார் பலகைத்தளம் போட்டு 10 குளிர்காலம் கடந்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் செஞ்சிடார் அது. பெயர்தான் சிடார், இமயத்துத் தேவதாருவுக்கு நெருங்கிய உறவில்லை, தூயா என்ற வேறு மரப் பேரினம்.

பலகைகள் வந்து இறங்கிய அன்று அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. இலங்கையின் வன்னிக் காட்டில் முதிரை, பாலை என்ற கடின மரங்களைப் பார்த்த கண். கட்டைவிரல் நகத்தை அழுத்தினார்; பிறை போலத் தடம் விழுந்தது. "இதென்ன தம்பி, மரமா நெட்டியா?" என்றார். தவறில்லை. உலர்ந்த செஞ்சிடார் கன மீட்டருக்குச் சுமார் 370 கிலோ. தேக்கு 650ஐத் தொடும். நாற்காலிக் கால் இழுத்த கோடுகள் இன்றும் தளமெங்கும் கிடக்கின்றன.

ஆனால் பலகை முறுக்கவில்லை, பிசின் கசியவில்லை. இந்த மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதியில் பூஞ்சையை அண்டவிடாத தூயாப்ளிசின் என்ற பொருள் ஊறியிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வெளிர்நிறப் பகுதியான வெளிறில் அந்தக் காப்பு இல்லை. விலை குறைவென்று ஓரத்தில் வெளிறு தெரிந்த மூன்று பலகைகளை எடுத்தேன். முதலில் உளுத்தவை அவைதான்.

துருப்பிடிக்காத திருகாணி தீர்ந்துபோகவே, படிக்கட்டில் கையில் கிடைத்த இரும்பாணியை அடித்தேன். சில மழைக்குள் ஒவ்வோர் ஆணியின் கீழும் கண்மை கரைந்தது போலக் கருநீலக் கோடு. மரத்தின் துவர்ப்பும் ஆணியின் இரும்பும் கலந்த கறை; கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்து மையாகும் அதே வித்தை. தேய்த்தும் போகவில்லை.

பெரிய தவறு கைப்பிடித் தூண். அதை நேரே மண்ணில் நட்டிருந்தேன். ஏழாம் ஆண்டில் அடிப்பகுதியில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். தேநீரில் நனைந்த பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. ஒரு சாண் மேலே அதே தூண் கல் போல நின்றது. மழையைத் தாங்கும் மரம், ஓயாத ஈரமண்ணைத் தாங்கவில்லை. இப்போது கான்கிரீட் அடித்தளத்தின் மேல் இரும்புத் தாங்கி வைத்து, அதில் மருந்தேற்றிய பைன் தூணை நிறுத்தியிருக்கிறேன்.

இரண்டு முறை எண்ணெய் பூசினேன், பிறகு விட்டுவிட்டேன். செம்மை போய்ச் சாம்பல் நிறம் வந்துவிட்டது. எனக்கு அதுவே பிடிக்கிறது. அறுக்கும்போது முகமூடி கட்டாயம். இதன் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவைக் கிளப்பும்.

சென்ற மாதம் சாம்பல் பூத்த பலகை ஒன்றை அறுத்தேன். உள்ளே செம்மண் நிறம், முதல் நாள் வாசனை. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படிக்கட்டு ஆணிகளைப் பார்த்தார். அவற்றைப் பிடுங்கும் வேலை இன்னும் பாக்கி.