பகலில் பூட்டிய கமரா

ஆனையிறவு தாண்டிப் பரந்தனுக்குள் வந்தால் மதில் கட்டிய வீடெல்லாம் மூலைக்கு மூலை கமரா. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பி, தாய் தகப்பன் தனியே இருக்கிற வீட்டுக்குப் பூட்டுவித்தவை. பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேப்பமரத்துக் கீழ் படுத்திருக்கிற நாயின் காது கூடத் தெளிவு. பொழுது பட்டால்தான் கூத்து. வன்னியில் இரவு ஏழு மணி என்றால் ஆவணியில் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. அங்கே இருக்கிற பிள்ளையின் போனில், வேலைக்கு நடுவில், வீட்டில் ஏதோ அசைகிறது என்று கமராவின் அலேர்ட் அடிக்கத் தொடங்கினால் பின்னேரம் வரை ஓயாது. திறந்து பார்த்தால் ஒரு விட்டில், ஒரு சிலந்தி, மிச்சமெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி நெளிகிற இருட்டு.

இரணைமடு வாய்க்கால் பக்கத்து வீடு ஒன்றில் நாலு கமரா. பூட்டினவர்கள் காலை பதினொன்றுக்கு வந்து, இரண்டு மணிக்குள் முடித்து, போனில் படத்தைக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முறையிட்டால் ஒரே பதில்: “சென்சிற்றிவிட்டியைக் குறையுங்கோ அண்ணை.” எவ்வளவு சின்ன அசைவுக்கு அலேர்ட் தருவது என்கிற அந்த எண் 80 இல் இருந்ததை 20 ஆக்கியாயிற்று. விட்டில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பறக்கிறது, பாதிப் படத்தை மறைக்கிறது. 20 என்ன, 10 இலும் அது அலேர்ட் தரும். படலையைத் திறந்து உள்ளே வருகிற மனிதர்தான் அந்த 20 இல் தப்பிப் போகிறார். குறைக்க வேண்டியது அதுவல்ல.

அடுத்ததாக, கிளிநொச்சி ரவுணில் சின்னக் கடை வைத்திருக்கிற ஒரு பெடியன் இரவு ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில் மீற்றரோடு வந்து நின்றான். “இரவில வாற வருத்தத்தை இரவிலதானே பாக்கவேணும்” என்றான். ரொறன்ரோவில் இரவு ஏழரைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டால் வந்து நிற்கிற காசே தலையைச் சுற்றும்.

அவன் முதலில் செற்றிங்கைத் தொடவில்லை. ஏணி வைத்து, பின் வளவுக் கமராவின் வால் பக்கத்தில் மீற்றரை வைத்தான். அடப்ரர் 12 வோல்ற். கமராவுக்கு வந்து சேர்ந்தது 10 சொச்சம். பகலில் அதே இடத்தில் பதினொன்றுக்கு மேல் காட்டும். இருட்டினதும், இரவில் படம் எடுக்கக் கமராவுக்குள் இருக்கிற அகச்சிவப்பு (ஐஆர்) விளக்குகள் பற்றும்போது கமரா அரை அம்பியர் அளவுக்கு இழுக்கிறது. 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 60 மீற்றர் தூரம் என்றால், போய்வர 4 ஓமுக்குச் சற்றுக் கூட; அரை அம்பியருக்கு 2 வோல்ற் வழியிலேயே கரைகிறது. செப்புப் பூசிய அலுமினிய வயர் என்றால் இன்னும் மோசம், கடையில் மலிவாய்க் கிடைப்பதும் அதுதான். 10.8 க்குக் கீழே போனால் ஐஆர் மங்கும், படம் நெளியும், சில கமரா நடுச்சாமத்தில் தானாக அணைந்து பற்றும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் ஒரு அலேர்ட். அடப்ரரைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோகலாம், அல்லது நாலு சோடி வயர் என்றால் சும்மா கிடக்கிற மிச்ச இரண்டு சோடியையும் மின்சாரச் சோடியோடு சேர்த்து முறுக்கலாம். நெற்வேர்க் கமரா என்றால் ஒரே கேபிளில் 48 வோல்ற் அளவில் அனுப்புகிற பிஓஇ சுவிற்ச் போடுவதே நல்லது, 100 மீற்றருக்குள் மட்டும்.

பிறகுதான் வெளிச்சம். வெளிச்சம் போதாதபோது கமரா கெயினை (படத்தைத் தானாக வெளிச்சமாக்கிற அளவை) ஏற்றி இருட்டை இழுத்துக் காட்டப் பார்க்கிறது. அப்போது வருகிற புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறும். கமரா அதை அசைவென்று நினைக்கிறது. ரெக்கோடரில் டிஸ்க் கெதியாய் நிரம்புவதற்கும் இது ஒரு காரணம், இடம் மாறுகிற புள்ளியைச் சுருக்கிச் சேமிப்பது கஷ்டம். முன்கமரா தாழ்வாரத்துக்கு ஒட்டி இருந்ததால் வெள்ளைச் சுவரில் பட்ட ஐஆர் திரும்பி லென்சுக்குள் வந்து, முற்றம் முழுதும் கறுத்துப் போயிருந்தது. ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, சுவர் படத்துக்குள் வராமல் கழுத்தைத் திருப்பினான். குண்டுக் (டோம்) கமரா என்றால் உள்ளே லென்சைச் சுற்றிய பஞ்சு வளையம் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறதா என்றும் பார்க்கவேணும். இல்லாவிட்டால் படம் பனிப்புகார் மூடின மாதிரித் தெரியும். சோளகக் காற்றுக்குக் கிறவல் தூசி படிந்தாலும் அதே கதைதான்.

பூச்சிக்கு மருந்து அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பிளாஸ்ரிக் மூடி மங்கிப் போகும், செய்யவேண்டாம். வாசலின் பூசினால் வன்னித் தூசி ஒரு கிழமையில் ஒட்டிக்கொள்ளும். சிறுபோக வயலுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரே வழி, கமராவின் சொந்த ஐஆரை நிறுத்திவிட்டு, தனி ஐஆர் விளக்கொன்றை இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வைப்பது. பூச்சி எங்கே பறந்தாலும் லென்சுக்கு முன்னால் வெளிச்சம் பிடித்து மின்னாது. சிலந்தியும் அந்தப் பக்கம் போய் வலை கட்டும். 850 நனோமீற்றர் அலைநீள ஐஆர் விளக்குச் சிவப்பாய் லேசாகத் தெரியும், ஆனால் தூரம் போகும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. நிறப்படம் வேண்டும் என்று வெள்ளை விளக்குக் கமரா பூட்டினால் வயலில் இருக்கிற அறக்கொட்டிப் பூச்சி முழுவதையும் வீட்டுக்கு அழைத்த மாதிரி. வெளிச்சம் வேண்டுமென்றால் மஞ்சள் எல்ஈடி, அதுவும் கமராவுக்குத் தள்ளி.

செற்றிங் கடைசி வேலை. மின்சார அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ் (கனடாவில் இருந்து கொண்டுவந்த கமரா 60 இல் நிற்கும், ரியூப் லைற்றுக்குக் கீழே பட்டை பட்டையாய் ஓடும்). ஷட்டர் (ஒரு படத்துக்குக் கமரா வெளிச்சம் வாங்குகிற நேரம்) இரவில் 1/25 செக்கனுக்கு மேல் போகவிடாமல்; அதற்கும் மெதுவானால் நடக்கிற ஆள் ஆவி மாதிரி இழுபடுவார். கெயின் உச்சம் 100 இல் இருந்தால் 50 க்கு இறக்கு. புள்ளியைத் துடைக்கிற த்ரீடி டிஎன்ஆர் 50 போதும்; 80, 90 ஆக்கினால் படம் வழுவழுப்பாகும், ஓடுகிறவர் பின்னால் வால் முளைக்கும்.

அலேர்ட்டுக்கு, வெறும் அசைவைக் கண்டுபிடிக்கும் பகுதியை அணைத்துவிட்டு மனிதர், வாகனம் மட்டும். படலைக்கு உள்ளே இரண்டடி தள்ளி, தாண்டினால் அலேர்ட் தருகிற ஒரு கோடு. வாழை இலையும் தென்னோலையின் நிழலும் கோட்டுக்கு வெளியே. ஆகக்குறைந்த அளவுப் பெட்டியை (இதைவிடச் சின்னதைக் கணக்கில் எடுக்காதே என்று திரையில் வரைவது) ஒரு ஆளை நடக்கவிட்டுத்தான் வரையவேணும். அந்தப் பெட்டி நாயை மறிக்கும், கட்டாக்காலி மாட்டை மறிக்காது; மாடு ஆளை விடப் பெரிசு. கனடாவில் பல வாசல் மணிக் கமராக்களில் உடம்புச் சூட்டைப் பார்க்கிற பிஐஆர் இருக்கும், பூச்சி பெரும்பாலும் அதற்குப் படாது. அந்தப் பழக்கத்தில்தான் எங்கடை ஆக்கள் இங்கத்தைக் கமராவைத் திட்டுவது. அரிக்கன் லாம்புக் காலத்தில் நாய் குரைக்கிற தொனியிலேயே தெரிந்த ஆளா தெரியாத ஆளா என்று விறாந்தையில் படுத்திருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மீற்றர் தேவைப்படவில்லை.

இரவு பத்தேகாலுக்கு வேலை முடிந்தது. போகும்போது பெடியன் சொன்னது ஒன்று: கிழமைக்கு ஒருக்கால் தும்புத்தடியால் கமராவின் தலையையும் கழுத்தையும் தட்டிவிடவேணும், கண்ணாடியைத் தொடாமல். அதை வீட்டில் யார் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.