ஃபேஸ்லிஃப்ட், நெக் லிஃப்ட்: சில ஆண்டுகள் கழித்து என் மதிப்பீடு

தாடையோரச் சதை இறங்கி, கழுத்தில் இரண்டு பட்டைகள் துருத்தத் தொடங்கியதால், முகத் தளர்வையும் கழுத்துத் தளர்வையும் சரிசெய்யும் அறுவைகளான ஃபேஸ்லிஃப்ட், நெக் லிஃப்ட் இரண்டையும் சென்னையில் ஒரே முறையாகச் செய்துகொண்டேன். பாளையங்கோட்டைக்குத் திரும்பிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால், கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் சீக்கிரமே தளர்ந்துவிடும். முகமும் விறைத்துத் தெரியும். ஆகவே, 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த, தோலுக்கு அடியிலுள்ள எஸ்எம்ஏஎஸ் என்னும் படலத்தைத் தூக்கிப் பொருத்திய பிறகே மிகுதித் தோலை நீக்குகிறார்கள். கழுத்தில் பிளாட்டிஸ்மா தசையின் விலகிய ஓரங்களை, மோவாய்க்குக் கீழே கீறிச் சேர்த்துத் தைக்கிறார்கள்.

அஞ்ச வேண்டியது தோலுக்கடியில் ரத்தம் தேங்குவதற்குத்தான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேர்வது அது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புகை பிடிப்பவர்களுக்குத் தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, தைத்த ஓரம் கருகிப்போகக்கூடும். நம் பக்கத்தில் வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்கள் அதை மருத்துவரிடம் சொல்வதேயில்லை; அதிலும் நிக்கோடின் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

வீக்கம் இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். வாயை அகலத் திறக்க முடியாத அந்நாட்களில் இடியாப்பமும் சொதியும் கைகொடுத்தன. முகத்தைச் சுற்றிய அழுத்தப்பட்டை நம் ஊர் வெக்கையில் பெரும் இம்சை. வசதியிருந்தால் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிறகும் வெயில் பட்டால் தழும்பு கறுக்கும்.

யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்லாதது காதின் மரமரப்பு. கீறல் காதைச் சுற்றிச் செல்வதால் உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆயின. தோட்டின் திருகாணியை எவ்வளவு முடுக்குகிறேன் என்பதே தெரியாமல், காதுமடல் கன்றிச் சிவந்ததைக் கண்ணாடியில் பார்த்துத்தான் அறிந்தேன். பாம்படம் தொங்கிய காதுகளைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பொட்டுத் தோடுகூடப் பாரமாகும் என்று அதுவரை தோன்றியதில்லை.

தாடைக்கோடு இன்றும் தெளிவாக நிற்கிறது. கழுத்தில் மட்டும் சிறிது தளர்வு திரும்பியிருக்கிறது. உதட்டுக்கு மேலுள்ள நுண்கோடுகளும், நெற்றிச் சுருக்கமும், வெயில் தந்த கரும்புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. அவை இந்தச் சிகிச்சையின் எல்லைக்குள் வருபவை அல்ல. பக்கத்து வீட்டுப் பெண், "மதினி, இப்பம் நல்லாத் தூங்குதியளோ, மொகம் தெளிஞ்சிருக்கே" என்றாள். அறுவை என்று ஊகிக்க முடியாத இந்த அளவே எனக்குப் போதும். இருபது வயதுக் குறைவை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. நெல்லையிலிருந்து வெளியூர் போய்ச் செய்துகொள்பவர்கள், தையல் பிரிக்கும்வரை மருத்துவமனைக்கு அருகிலேயே துணையோடு தங்குவதற்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.