450 ரூபாய் டாங்கிளா, வயர் வைத்த கோடு ரீடரா?

போன ஆடியில் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும்போது, பெரம்பலூர் தாண்டியதும் எங்கள் காரில் எஞ்சின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் அப்படி விட முடியாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது, அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்று அர்த்தம். வண்டியை ஓரங்கட்டி, 450 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த புளூடூத் டாங்கிளை (காரின் கோளாறைப் போனில் காட்டும் சின்னக் கருவி) ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் ஆப்பைத் திறந்தேன். போனோடு உடனே இணைந்தது. கோளாறு எதுவும் இல்லை என்று பச்சை நிறத்தில் காட்டியது. விளக்கோ எதிரிலேயே மினுக்கிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் திரும்பி ஒரு பட்டறையில் விட்டோம். அங்கிருந்த அண்ணன் வயர் வைத்த ஒரு சின்ன ஸ்கேனரைச் சொருகினார். அரை நிமிடத்தில் பி0302 என்று ஒரு கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடு, வந்தது. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்) என்று அர்த்தம். உடனே அவர் புது பார்ட் எதையும் போடச் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டாவதில் போட்டார். கோடை அழித்துவிட்டு, ஏசியைப் போட்டு ஐடிலில் ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் பி0303 வந்தது, அதாவது காயிலோடு கோளாறும் மூன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது. “காயில்தாங்க, பிளக் நல்லா இருக்கு” என்றார். ஒரு காயிலோடு வேலை முடிந்தது.

அந்த வாரமே வயர் வைத்த கோடு ரீடர் ஒன்று வாங்கினேன். ஆன்செல் ஏடி310, எனக்கு 2,800 ரூபாய் ஆனது. லாஞ்ச், ஆட்டெல் நிறுவனங்களிலும் இதே ரகத்தில் கருவிகள் உண்டு. இப்போது இரண்டும் கையில் இருப்பதால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

விலையில் டாங்கிள்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. திரை, கிராஃப், பதிவு செய்து வைப்பது என்று போன் ஆப் தருகிற வசதிகளும் சின்ன ரீடரில் கிடையாது. ரீடருக்குப் போனும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம், காரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் வாங்கும்போதே தெரிகிற சமாச்சாரம்.

நான் பெரிதாக நினைப்பது ஒன்றைத்தான்: ‘கோடு இல்லை’ என்று கருவி சொன்னால் அதை நம்ப முடியுமா? கோடு இருக்கிறது என்று சொல்லும்போது எந்தக் கருவியும் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். இல்லை என்று சொல்லும்போதுதான் சிக்கல். காரின் கம்ப்யூட்டரிடமிருந்து பதிலே வராவிட்டாலும் சில ஆப்கள் அதைக் கோளாறு இல்லை என்றே காட்டிவிடுகின்றன.

ஏன் பதில் வருவதில்லை? கார் இந்தக் கருவிகளோடு பேசும் முறைக்கு ஓபிடி-2 என்று பெயர். அது ஒரே பாஷை இல்லை, ஐந்து இருக்கின்றன. நம் ஊர் கார்களில் முக்கியமாக இரண்டைப் பார்க்கலாம். புதிய கார்கள் கேன் முறையில் பேசும், வழக்கமாக நொடிக்கு 5 லட்சம் பிட் வேகம். பழைய கார்கள் பல கே-லைன் முறையில் பேசும், அதில் வேகம் வெறும் 10,400 பிட். இந்த டாங்கிள்களுக்கெல்லாம் மூலம் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இஎல்எம்327 சிப். அதன் முதல் பதிப்பில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாததால் நகல்கள் சந்தையில் குவிந்தன. அட்டையில் ‘பதிப்பு 1.5’ என்று போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிடவே இல்லை. மலிவான நகல்கள் பலவற்றில் கேன் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். கே-லைனுக்கு வேண்டிய பாகங்களை விட்டுவிடுவார்கள், அல்லது ஆணைகளில் பாதியை விட்டுவிடுவார்கள்.

உங்கள் கார் எந்த ரகம் என்று பார்க்க போன் டார்ச் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் சொருகும், 16 ஓட்டைகள் உள்ள அந்த போர்ட்டுக்குள் அடித்துப் பாருங்கள். 6, 14 எண் ஓட்டைகளில் உலோகப் பின் இருந்தால் கேன் இருக்க வாய்ப்பு அதிகம். அவை காலியாக இருந்து 7-இல் பின் இருந்தால் பெரும்பாலும் கே-லைன். எங்கள் கார் 2013 கடைசியில் எடுத்தது. 6-ம் 14-ம் காலி. டாங்கிள் ஏன் சும்மா இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

டாங்கிளே வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியின் காரில் கேன்தான், அங்கே இதே டாங்கிள் கோடுகளை ஒழுங்காகப் படித்தது. விட்டுவிட்டு வருகிற கோளாறைப் பிடிக்க, ஓட்டும்போது போனில் பதிவு செய்து வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய வசதி. அவன் காரில் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் கூலன்ட் சூடு இறங்கிக்கொண்டே போனதை அந்த கிராஃபில்தான் பார்த்தோம். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் சாதாரண புளூடூத் டாங்கிளை வாங்கிவிட வேண்டாம், இணையாது. வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ வகை வேண்டும். அப்புறம், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். போர்ட்டின் 16-வது பின்னில் சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் இருக்கும். என் டாங்கிள் 45 மில்லிஆம்பியர் இழுத்தது, நாளுக்கு ஒரு ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் மேல். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள காரைப் பத்து நாள் அப்படியே நிறுத்தினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் ரீடரை எடுத்துப் போகிறேன். கோடு இருக்கிறதா என்பதைவிட ரெடினெஸ் என்ற பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கோடை அழித்தால் கார் தன்னைத் தானே சோதித்து முடித்த கணக்கும் சேர்ந்து அழியும், திரும்ப முடிய சில நாள் ஓட்ட வேண்டும். பாதிக்கு மேல் ‘முடியவில்லை’ என்று காட்டினால் சமீபத்தில் கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்வதிலும் தப்பில்லை.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இந்த விலையில் உள்ள ரீடர் உதவாது. எஞ்சின் பக்கத்தை மட்டும்தான் படிக்கும். அந்த விளக்குகளுக்கு இன்னும் பெரிய கருவி வேண்டும், நான் அதை வாங்கிப் பார்த்ததில்லை. இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய காரில் போர்ட் இருந்தாலும் பேசும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் போட்டுப் பார்த்தது மொத்தம் மூன்று கார்களில்தான், டீசல் ஒன்றுகூட இல்லை.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது, உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் பிளக்கைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் குழாயிலோ அதை ஒட்டியோ இருக்கும். சாவியைப் போட்டு, வேண்டுமானால் அரை நிமிடம் ஓடவிடுங்கள். பல பெட்ரோல் கார்களில் பி0113 வரும். எங்கள் காரில் ரீடர் அதை உடனே காட்டியது, டாங்கிள் பச்சையாகவே இருந்தது. எஞ்சினை நிறுத்தி, பிளக்கைத் திரும்ப மாட்டி, கோடை அழித்துவிட்டால் கார் பழையபடி ஆகிவிடும். அந்தக் கோடைக் காட்டாத கருவியை அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.