பழைய படத்தாள் வாங்குகிறீர்களா? மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள்

மொத்தம் 24 ஸ்கிராப் படங்கள் வாங்கினேன். அதில் மூன்றுதான் அசல். மீதி 21-ம் கலர் லேசர் பிரிண்டரில் அச்சடித்து, தேநீர்ச் சாயம் ஏற்றி, ஓரம் வெட்டியவை. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். கூடவே போன இன்னொன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்கிராப் என்றால் 19-ம் நூற்றாண்டில் குழந்தைகளும் பெரியவர்களும் ஆல்பத்தில் ஒட்டிச் சேர்த்த வண்ணப் படங்கள். நிறைய ஜெர்மனியில் அச்சானவை. நிறத்துக்கு ஓர் அச்சுக்கல் என்று பல கற்களில் மாற்றி மாற்றி அச்சிட்டு, முகமும் பூவும் லேசாகப் புடைத்து நிற்கும்படி அழுத்தி, உருவத்தின் ஓரத்தையொட்டி வெட்டியிருப்பார்கள். சிறுவயதில் இப்படி ஓர் ஆல்பம் என்னிடம் இருந்தது. வீடு மாறும்போது தொலைந்துபோனது. அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுகிறவனின் ஏக்கம் விற்பவருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நானோ முதல் செய்தியிலேயே அந்த ஆல்பத்தின் கதையை முழுதாகக் கொட்டிவிட்டேன்.

விற்பவர் அன்பாகப் பேசினார். "1890-களின் மூலப் பிரதிகள், ஒரே குடும்பத்தின் சேகரிப்பு" என்றார். மூன்று படங்களின் முன்புறம், பின்புறம், ஓரம் என எல்லாவற்றையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். மற்றவற்றை ஒரு மேசையில் பரப்பி, தூரத்திலிருந்து ஒரே ஒரு படம். அசல் மூன்றும் எவை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை.

பார்சல் வந்ததும் முதலில் எடுத்தது பூக்கூடை ஏந்திய ஒரு சிறுமியின் படம். பாவாடையில் அவரைவிதை வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை, குறுக்கே ஒரு மடிப்பு. மடிப்பை விரலால் தடவினேன். ஒன்றுமே தட்டுப்படவில்லை! தாள் வழவழவென்று தட்டையாக இருந்தது. மடிப்பின் படம்தான் அதில் அச்சாகியிருந்தது. கன்னத்தின் புடைப்பும் அப்படியே. ஸ்கேன் செய்தபோது விழுந்த நிழல் மட்டும் இருந்தது, புடைப்பு இல்லை. அடுக்கில் கீழே இன்னொரு பூக்கூடைச் சிறுமி இருந்தாள். அவள் பாவாடையிலும் அதே இடத்தில் அதே அவரைவிதைக் கறை.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இதற்குக் கட்டாயம் வேண்டும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அசல் கல்லச்சில் புள்ளிகள் பெரும்பாலும் கையால் வைத்தவை. பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல் கிடக்கும். என்னிடம் வந்தவற்றில் நான்கே நிறப் புள்ளிகள், பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி வரிசை கட்டி நின்றன. அப்புறம் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். சாயம் சரியாக ஏறாத இடங்களில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டும் அந்த ரசாயனம் 1950-ஐ ஒட்டித்தான் காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ஒளிராத புதுத்தாளும் உண்டு. ஆனால் ஒளிர்ந்தால் 1890 என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலவச இணைப்பாக "அதே காலத்து" பிரிட்டிஷ் அஞ்சலட்டை ஒன்றும் வைத்திருந்தார். பின்பக்கம் நடுவில் கோடு, இடப்புறம் செய்தி, வலப்புறம் முகவரி. அப்படிப் பிரித்து எழுத பிரிட்டனில் அனுமதி கிடைத்ததே 1902-இல்தான். அமெரிக்காவில் 1907. அட்டை அசல்தான், சொன்ன வயதுதான் பொய்.

கேட்டதற்கு, "பழமைத் தோற்றம் என்றுதானே எழுதியிருந்தேன்" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் விற்பனை அறிவிப்பில் வாசகம் மாறியிருந்தது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. "பத்திரமாகக் கட்ட வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர் நாள் கடத்தியதில் புகார் கொடுக்கும் கெடுவும் தாண்டிப்போயிருந்தது. அந்த அக்கறைக்காக அவருக்கு நன்றி வேறு சொல்லியிருந்தேன்.

இனி அந்த இன்னொன்று. பணம் கட்டிய கையோடு, பார்சல் வருவதற்கு முன்பே, என் ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா தந்த வாழ்த்து அட்டையை அவருக்கு அனுப்பியிருந்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. "காகிதம் பழுதுபார்ப்பதும் நம் வேலைதான்" என்று அவரே கேட்டு வாங்கினார். கிழிசலில் செல்லோடேப் ஒட்டி, மேலே சூட்டில் லேமினேட் செய்து திருப்பி அனுப்பினார். டேப்பின் பசை நாளாக நாளாக மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். லேமினேட் உறையின் பசை சூட்டில் உருகி இழைகளைப் பிடித்துக்கொள்ளும். காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். பிரித்தால் அப்பாவின் பேனா எழுத்தும் உரிந்து வரலாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன். முன்பு அட்டையைத் திறந்தால் உள்ளே அவர் கையெழுத்து இருக்கும். இப்போது அது திறப்பதில்லை, விரித்த நிலையிலேயே விறைத்துக் கிடக்கிறது.

நேற்று அதே பூக்கூடைச் சிறுமி, பாவாடையில் அதே கறையோடு, வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறாள். கீழே "ஒரே ஒரு பிரதிதான் உள்ளது" என்று எழுதியிருக்கிறது.