கெனன் 10-18 மி.மீ. லென்ஸ்: மட்டக்களப்புக் கட்டடங்களுக்குப் பொருந்துமா?

மட்டக்களப்பு நகருக்குள் கட்டடங்களைப் படமெடுப்பவருக்குப் பெரிய தட்டுப்பாடு, பின்வாங்க இடம். கோட்டைக்கு இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. மதிலோரம் நின்றால் பல இடங்களில் பின்னால் போக வழியில்லை. இந்த நெருக்கத்துக்கு, 2014இல் வந்த கெனன் ஈஎப்-எஸ் 10-18 மி.மீ. இன்றும் நல்ல தெரிவு. எடை 240 கிராம்தான். சிறிய சென்சர் கொண்ட கெனன் கமராக்களுக்கான இதில், பெரிய சென்சர் கொண்ட முழுச்சட்டக் கமராக் கணக்கில் 16-29 மி.மீ. பார்வை கிடைக்கும்.

ஆக அகலமான பார்வை தரும் 10 மி.மீ.இல் நேர்கோடுகள் பீப்பாய்போல் வெளிப்பக்கம் உப்பும். கல்லடிப் பழைய பாலத்தைப் புதிய பாலத்தில் நின்று எடுத்துப் பாருங்கள்: படத்தின் மேல்விளிம்பை ஒட்டி வரும் இரும்புச் சட்டம் வில்லாக வளையும், நடுவில் வருவது நேராகவே நிற்கும். 14 மி.மீ.க்கு மேல் இது பெரிதாகக் கண்ணில் படாது.

இந்த வளைவுக்காக லென்ஸை ஒதுக்கத் தேவையில்லை. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் லென்ஸ் புரொபைலை, அதாவது அந்த லென்ஸின் வளைவுக்கான ஆயத்தத் திருத்தத்தை, இயக்கினால் ஒரே சொடுக்கில் நிமிரும். மணிக்கூட்டுக் கோபுரம் பின்னே சாய்ந்து தெரிவது வேறு விஷயம். கமராவை மேலே தூக்கியதால் வருவது, எந்த லென்ஸிலும் வரும். அதற்கு ட்ரான்ஸ்போர்ம் பகுதியில் கைடட் தெரிவில் இரண்டு சுவரோரங்களில் கோடு இழுக்க வேண்டும். வரிசை முக்கியம்: புரொபைல் முதலில். வளைந்த சுவரில் நேர்கோடு ஒட்டாது, திருத்தமும் பிழைக்கும். முழுக்க நிமிர்த்தினால் உயரமான கோபுரம் தலைகனத்து நிற்கும். வேர்ட்டிகல் அளவைச் சற்றுத் தளர்த்துங்கள். திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், மேற்பகுதி இழுபட்டுக் கூர்மையும் குறையும். ஆகவே கட்டடத்தைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு எடுங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. கமராவை நிலைக்குத்தாகத் திருப்பி, மேலும் கீழும் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து 10 மி.மீ.இல் எடுங்கள். கீழ்ப்பாதி வெறும் றோட்டாகத்தான் வரும், வெட்டி விடலாம். சுவர்கள் செங்குத்தாகவே இருக்கும், கோபுரத்தை மென்பொருளில் இழுக்கவும் தேவையில்லை. மூலைகளில் மட்டும் ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் வராமல் பாருங்கள். அகலமாக நீண்டு தெரிவார்கள், புரொபைல் அதைச் சரிசெய்யாது.

ஒளி புகும் துளை எப்/8 போதும். தேவாலயத்தின் உள்ளே, ஆகப் பெரிய துளையான எப்/4.5கூட இருட்டுத்தான், ஆனாலும் நடுக்கக் கட்டுப்பாடு நன்றாகவே கைகொடுக்கிறது. கமராவில் பொருத்தும் வளையமான மவுண்ட் பிளாஸ்டிக். உப்புக்காற்றுக்கும் தூசிக்கும் அடைப்பு கிடையாது. கல்லடிக் கடற்கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் ஹூட் பெட்டியில் வராது, வாவிப் பக்கம் வெயிலை எதிர்கொண்டு எடுப்பவர் தனியாக வாங்க வேண்டும்.