ஆறு கேமராவுக்கு எத்தனை வயர்?

பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பா வீடு. முன்கேட்டில் இரண்டு, மொட்டைமாடி மூலைகளில் மூன்று, தோப்புக்குள் 70 மீட்டர் தள்ளியிருக்கும் மோட்டார் அறையில் ஒன்று என ஆறு கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்றார். நிபந்தனை ஒன்றுதான்: "இப்போதுதான் பெயின்ட் அடித்த சுவர். வயர் தொங்கினால் உன் சித்தி என்னையும் வெளியே தொங்கவிட்டுவிடுவாள்."

எல்லோரையும் போல அவரும் முதலில் கேட்டது வைஃபை கேமரா. வயர்லெஸ் என்ற பெயரில் பாதிதான் உண்மை. படம் காற்றில் போகும், மின்சாரம் போகாது. ஒவ்வொரு கேமராவுக்கும் பக்கத்தில் ஒரு பிளக், ஓர் அடாப்டர் வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பிளக்குக்கு எங்கே போவது? கீழே இருக்கும் ரூட்டரின் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போதே பாதி செத்துவிடும். மோட்டார் அறை வரை போகும் என்று நம்புவதற்கில்லை. வாடகை வீட்டு வாசலுக்கு ஒன்று என்றால் வைஃபை சரி. ஆறு என்றால் வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது டிவிஆர், அதாவது அலமாரியில் உட்கார்ந்து கேமராக்களின் படத்தைப் பதியும் பழைய பாணிப் பெட்டி. இதை ஏளனமாகப் பார்க்க மாட்டேன். விலை குறைவு, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். ஆனால் கேமராவுக்கு ஒன்றாக ஆறு தடித்த 3+1 கேபிள் (படத்துக்கு ஒரு கம்பி, கூடவே மூன்று மெல்லிய கம்பி) அலமாரிக்கு வந்து சேரும். அதிலுள்ள மெல்லிய கம்பிகளில் 12 வோல்ட் போகிறது. பகலில் நன்றாக இருக்கும் படம், இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் அலை அலையாக நெளிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கேமராவைக் குறை சொல்வோம். தூரத்தில் வோல்டேஜ் இறங்கியதுதான் காரணமாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் பிஓஇ வெல்கிறது. ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் சேர்ந்தே போகும் முறை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் (கேபிள் செருகும் துளை) 15.4 வாட் தரும். கேபிளில் இழந்தது போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. 2009-இல் வந்த 802.3ஏடி தரத்தில் அது 30 வாட், மறுமுனையில் 25.5. சாதாரணக் கேமராவுக்கு இரவிலும் ஆறேழு வாட் போதும். ரகசியம் வோல்டேஜில் இருக்கிறது. 6 வாட் கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும், 48 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு ஆம்பியர்தான். அதே கம்பியில் இழப்பு 16 மடங்கு குறைகிறது. இன்னொரு வசதி, மின்வெட்டு. அலமாரியில் இருக்கும் கருவிகளுக்கு மட்டும் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்தால் ஆறு கேமராவும் விழித்திருக்கும்.

பிஓஇ-யிலும் இரண்டு கட்சி உண்டு. நெட்வொர்க் கேமராக்களின் படத்தைப் பதியும் பெட்டியான என்விஆரின் பின்புறமே பிஓஇ போர்ட் இருக்கும்; கேமராக்களை நேராக அதில் செருகுவது ஒரு வழி. எளிது, ஆனால் ஆறு கேமராவுக்கு ஆறு கேபிள். மற்றது, மாடியிலேயே ஒரு சிறு நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வைத்து மூன்று கேமராவையும் அதில் கட்டி, கீழே ஒரே கேபிளை இறக்குவது. நெரிசல் வருமோ என்ற பயம் வேண்டாம். எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் 4 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு நான்கைந்து மெகாபிட் அனுப்பும். மூன்றும் சேர்ந்தாலும் 100 மெகாபிட் இணைப்பில் ஒரு மூலைதான். கீழிருந்து வரும் பிஓஇ-யிலேயே இயங்கி, மீதியைக் கேமராக்களுக்குப் பகிரும் சுவிட்சுகளும் உண்டு. வரும் 25.5 வாட்டில் மூன்று கேமராவுக்கு 18, சுவிட்சுக்குச் சில வாட். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் நடக்கும். மாடியில் பிளக்கே தேவைப்படவில்லை. கேட்டுக்கும் இதே தந்திரம்: தூணில் ஒரு பெட்டி, ஒன்று நுழைந்து இரண்டாகப் பிரியும் எக்ஸ்டெண்டர்.

மோட்டார் அறைக்கு மட்டும் தனிக் கேபிள். தரம் அனுமதிப்பது 100 மீட்டர். வீட்டுக்குள் ஏறி இறங்கும் நீளத்தையும் சேர்த்து 90-ஐத் தொட்டது. சில சுவிட்சுகளின் அட்டையில் 250 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த நிலையில் வேகம் 10 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரு கேமராவுக்குப் போதும், அதிலேயே இன்னும் இரண்டைத் தொங்கவிட்டால் திணறும். இவ்வளவு தூரத்துக்கு முழுச் செம்புக் கேபிள்தான் வாங்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு என்று தள்ளிவிடுவார்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

சுவிட்ச் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு கேபிள் அறுந்தால் மூன்று கண்ணும் ஒன்றாகப் போகும். தோப்பில் அணில் சும்மா இருக்காது. வெளியே ஓடும் கேபிள் முழுவதையும் பிவிசி குழாய்க்குள் விட்டோம். ஒவ்வொரு கேமராவிலும் மெமரி கார்டு போட்டோம், மின்சாரம் இருக்கும்வரை அதுவே பதிந்துகொள்ளும் என்று. ஐப்பசி இடிக்குப் பயந்து மாடிக் கேபிளில் சர்ஜ் தடுப்பானும் சேர்த்தோம்.

ஆறு கேமராவுக்கு அலமாரிக்குள் வந்தது மூன்று கேபிள். சித்தி கதவைத் திறந்து எண்ணிப் பார்த்தார். "மாடிக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று. இந்த மூன்றாவது எதற்கு?" என்றார். மோட்டார் அறைக்கு என்றேன். "அங்கே திருட என்ன இருக்கிறது?" என்று சித்தப்பாவைப் பார்த்தார். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.