உத்யம் சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் அதில் தொழில் எண் 47 என்று இருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள்

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பட்டறை. பள்ளிக்கூட பெஞ்சு, டெஸ்க், ஆபீஸ் அலமாரி செய்கிறோம். வீட்டுக்காரரும் நாலு ஆட்களும் வேலை பார்க்க, பில்லும் கணக்கும் என் பாடு. தொழில் என் பெயரில்தான் இருக்கிறது. அரசாங்க ஆர்டருக்கு ஆசைப்பட்டு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யமில் சேரப் போய் ஒரு ஏஜென்டிடம் ஏமாந்துவிட்டேன். ஆள் யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

இங்கே ஆபீஸில் போனால் மலையாளம், போர்ட்டலைத் திறந்தால் இங்கிலீஷ். தமிழில் பேசுகிற ஆள் கிடைத்ததே பெரிது என்று எல்லை தாண்டி அந்த ஏஜென்டிடம் போய் உட்கார்ந்தேன். "செஞ்சு விக்கறீங்களாக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க, செஞ்சு விக்கறோம்" என்றேன். 'விக்கறோம்' மட்டும்தான் அவர் காதில் விழுந்தது என்பது எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

அரசாங்கக் கட்டணம் என்று 4,500 ரூபாய் வாங்கினார். ரசீது கேட்டேன். "கவர்மென்ட் ஃபீஸுக்கு எதுக்குங்க்கா ரசீது?" அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. 2020 ஜூலை 1-ல் ஆரம்பித்ததிலிருந்தே இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அச்சு அசலாக அதேபோல் வேறு தளங்கள் நிறைய இருக்கின்றன.

சான்றிதழ் கையில் வந்ததும், அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குகிற ஜெம் போர்ட்டலில் சேர்ந்தோம். மத்திய அரசு பயிற்சி நிலையம் ஒன்றுக்கு டெஸ்க் வேண்டும் என்று டெண்டர் வந்தது. மதிப்பு சுமார் 14 லட்சம், டெண்டரில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டுகிற முன்வைப்புத் தொகை 28,000. சிறு தொழில்களுக்கு அந்தத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. நாங்கள்தான் பதிவு செய்தவர்களாயிற்றே என்று பணம் கட்டாமல், சான்றிதழை மட்டும் ஏற்றிவிட்டோம்.

தகுதி பார்க்கிற டெக்னிக்கல் கட்டத்திலேயே தள்ளிவிட்டார்கள். எங்கள் விலையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காரணம் ஒரே வரி: வாங்கி விற்கிற வணிகருக்கு விலக்கு இல்லை.

பி.காம் படிக்கிற மகள்தான் சான்றிதழைப் பிரித்துப் படித்தாள். அதில் என்ஐசி கோட் என்று, தொழில் வகையைச் சொல்கிற எண்ணுக்கு ஒரு கட்டம். இரண்டு இலக்கம், நான்கு இலக்கம், ஐந்து இலக்கம், கடைசியில் என்ன தொழில் என்று ஒரு சொல். எங்களுடையதில் 47, 4759, கடைசியில் 'டிரேடிங்'. அதாவது மரச்சாமான் வாங்கி விற்கிற கடை! பட்டறையில் இழைப்புளி பிடித்துக் கை காய்த்துப்போன மனுஷன் இதைக் கேட்டுச் சிரித்தார், எனக்கு அழுகைதான் வந்தது.

மரச்சாமான் தயாரிப்புக்கு 31 என்று தொடங்க வேண்டும். 45, 46, 47 மூன்றும் வணிகம். 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யமில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வங்கிகள் முன்னுரிமை கொடுத்துத் தருகிற கடனுக்கு மட்டும்தான். அரசுக் கொள்முதலில் சிறு தொழிலுக்கென்று ஒதுக்குகிற 25 சதவீதமும், அதற்குள் பெண்களுக்கான 3 சதவீதமும் அவர்களுக்கு இல்லை. என் பெயரில் தொழில் வைத்ததே அந்த 3 சதவீதத்தை நம்பித்தான்.

நானும் ஒரு தப்பு செய்தேன். பில்லில் போடுகிற 9403-ஐப் பார்த்து, கோட் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஜிஎஸ்டிக்கு, சரக்கைச் சொல்வது. இது நாம் செய்கிற தொழிலைச் சொல்வது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நிராகரிப்பை எதிர்த்து 48 மணி நேரத்துக்குள் எழுதினோம். டெண்டர் தேதியில் இருந்த சான்றிதழ்தான் கணக்கு என்று பதில் வந்தது. சரி, இனிமேலாவது திருத்துவோம் என்று உள்ளே போனால் ஓடிபி வரவில்லை. பதிவில் இருந்த போன் நம்பரும் ஈமெயிலும் ஏஜென்டுடையவை! திருத்தித் தர 2,000 கேட்டார். "வருஷா வருஷம் ரினியூவல் 1,800 வேற இருக்குங்க்கா, சேத்தே கட்டிருங்க." உத்யமுக்கு ரினியூவல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

கொடுக்கவில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் மனு கொடுத்து, நாலு தடவை பஸ் ஏறி நடந்து, நம்பரை என் நம்பராக மாற்றி, கோடையும் 31-க்குக் கொண்டுவந்தோம். இரண்டு மாதம் போய்விட்டது. 4,500 இன்னும் வரவில்லை, வரும் என்று நம்பிக்கையும் இல்லை.

இதை அக்கம்பக்கத்தில் சொன்னதும், ஹாலோ பிளாக் போடுகிற அண்ணன் ஒருவர் தன்னுடைய சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதே ஏஜென்ட். சிமென்ட் கல் தயாரிப்புக்கு 23 இருக்க வேண்டும். அவருடையதிலும் 47, 4759. கல் அறுக்கிறவரை மரச்சாமான் கடைக்காரராக்கி வைத்திருக்கிறார் மனுஷன். போன் நம்பரைப் பார்த்தோம், அதுவும் அதே நம்பர்.